ஆளுக்கொரு பக்கம்

"அப்ப நீ எனக்கு என்னத்தம்மா செஞ்சு குடுத்தே?"

கேட்டவர் பொள்ளாச்சிப் பக்கம் ஆறு பேருந்து ஓட்டுகிற முதலாளி. மிருதுளா பதில் சொல்வதற்கு முன் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் வலைப்பக்கம் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் அது. வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்.

"பஸ் நேரம் சொல்ற பக்கம் சார்."

"அதுதான் எங்க இருக்குதுங்கறேன். நான் தொறந்தா மேலயே நேரம் வருது. என்ற சம்சாரம் தொறந்தா கோயில் டூர் போலாமான்னு கேக்குதாம். நேரம் எங்கன்னு அவளுக்கு நான் எப்பிடிச் சொல்றது?"

"சொல்ல முடியாதுங்க சார். அவீங்களுக்கு எங்க வரும்னு அவீங்க தொறந்தாத்தான் தெரியும்."

"உனக்காவது தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது.

எல்லாம் 'இசைவு' என்கிற மென்பொருள் வந்த பிறகு ஆனது. அதற்கு முன் வலைப்பக்கம் என்று ஒன்றைச் செய்து வைத்தால் அது அப்படியே இருக்கும். யார் வந்தாலும் அதையே பார்த்துவிட்டுப் போவார்கள். இசைவு வந்தபின் யாரும் பக்கம் செய்வதில்லை. சரக்கை மட்டும் உள்ளே போட்டுவிட வேண்டும். வருகிறவர் யார், என்ன வயது, எதைப் பார்த்தால் நிற்பார், எதைப் பார்த்தால் ஓடுவார் என்று பார்த்து, அந்த நொடியில் அவருக்கென்று ஒரு பக்கத்தை அதுவே கட்டித் தரும். அவர் போனதும் கலைத்துவிடும். மக்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கண் மங்கியவர்களுக்கு எழுத்து பெரிதாக வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேசியது. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

கூடவே ஒரு பழக்கமும் வந்தது. ஒருவர் போனை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது அசிங்கம் என்றாகிவிட்டது. உங்கள் பக்கத்தில் உங்கள் நோய் இருக்கும், உங்கள் ஆசை இருக்கும், யாருக்கும் சொல்லாமல் நீங்கள் தேடியதெல்லாம் இருக்கும். கட்டிய கணவனுக்குக்கூட அதைக் காட்ட மாட்டார்கள்.

பேருந்து முதலாளி அடுத்த கேள்வியைத் தொடங்கும்போது மிருதுளாவின் போன் அடித்தது. அண்ணன் மனைவி அபிநயா.

"மிருது, உங்கண்ணனைப் பாம்பு கடிச்சிருச்சு."

மிருதுளா எழுந்துவிட்டாள். "என்ன பாம்புங்க நங்கை?"

அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கண்ணாடி விரியன். தென்னமட்டை பொறுக்கறப்ப கால்ல போட்டிருச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு காரை எடுத்துட்டு வந்துட்டாரு. ஏறிட்டோம். பொள்ளாச்சிக்குப் போறதா உடுமலைக்குப் போறதா? எங்க மருந்து இருக்குது?"

அண்ணன் கௌதமின் தோட்டம் கோமங்கலத்தில். பெரிய ரோட்டில் ஏறி ஒரு பக்கம் திரும்பினால் பொள்ளாச்சி, மறுபக்கம் உடுமலை. எல்லா மருத்துவமனையிலும் எல்லா நாளும் பாம்புக்கடி மருந்து இருப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கென்றே ஒரு உதவிப் பக்கம் இருந்தது. போனில் கூப்பிட்டுக் கேட்கும் எண்ணை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. கூப்பிடுவதெல்லாம் இயந்திரக் குரல்களாகவே இருந்ததால் எடுக்கிறவர்கள் நொந்துபோய் விட்டுவிட்டார்கள். அந்த உதவிப் பக்கத்தைக் கவனித்துக்கொள்வது மிருதுளா வேலை பார்க்கும் நிறுவனம்தான்.

"நங்கை, பாம்புக்கடிப் பக்கத்தைத் தொறங்க. மருந்து உள்ள இடங்கள்னு இருக்கும் பாருங்க."

"தொறந்துட்டேன். வணக்கம் அபிநயான்னு வருது."

"அதை விடுங்க. கீழ?"

"நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள்னு வருது. மூச்சை மெதுவாக இழுங்கள்ங்குது. ஒரு வட்டம் பெருசாகிச் சிறுசாகுது."

"தள்ளி விடுங்க அதை!"

"தள்ளறேன், மறுபடி வருதே! இன்னும் மெதுவாங்குது."

விரல் நடுங்குவதை வைத்து அபிநயா பயந்திருக்கிறாள் என்று இசைவு கண்டுபிடித்திருக்கும். பயந்தவர்களுக்கு நீண்ட பட்டியலும் சிவப்பு எழுத்தும் ஆகாது. எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, குளிர்ச்சியாக ஒரு நீல வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அவள் தன் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். "வணக்கம் மிருதுளா" என்றது. அந்தப் பக்கத்தின் உள்விவரங்களை அவள் அடிக்கடி பார்ப்பவள் என்பதால் விஷமுறிவு மருந்து எப்படித் தயாராகிறது என்று வரைபடத்தோடு விளக்கத் தொடங்கியது. பட்டியல் வலது ஓரத்தில் இருந்தது. கோயம்புத்தூர் மருத்துவமனைகள் மட்டும். ஊரை மாற்றினாள். "வேறு ஊர்களைப் பற்றிய ஆய்வா? இதோ சில கட்டுரைகள்" என்றது.

"சனியனே!" என்றாள் மிருதுளா. பேருந்து முதலாளி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"மிருது, இப்ப ஒண்ணு வந்திருச்சு," என்றாள் அபிநயா. "பச்சையா ஒரு பட்டன். 'அபிநயா, உங்களுக்கு ஏற்ற மருத்துவமனை, உடுமலை'ன்னு போட்டிருக்குது."

"மருந்து இருக்குதுன்னு போட்டிருக்குதா?"

"ஏற்றதுன்னு போட்டிருக்குது. அழுத்திட்டேன். வழி காட்டுது. வண்டி திரும்பிருச்சு."

"இருங்க, சரக்குப் பட்டியலையே பாக்கறேன்."

சரக்குப் பட்டியல் என்பது மருத்துவமனைகள் அன்றாடம் அனுப்புகிற வெறும் வரிகள். இசைவு அதிலிருந்துதான் எல்லாருக்கும் சமைத்துப் போடும். அதைத் திறக்க மேலாளர் சிபியின் அனுமதி வேண்டும். மாடியில் இருந்தவரை இழுத்து வந்து, கடவுச்சொல் வாங்கி, ஊர் பேரைத் தேடி எடுத்தபோது வரி தெளிவாக இருந்தது. பொள்ளாச்சி: மருந்து உண்டு. உடுமலையில் இருந்த அந்த மருத்துவமனையின் பேருக்கு எதிரே எதுவுமே இல்லை. அது பிரசவ மருத்துவமனை. அபிநயா தன் மகளை அங்கேதான் பெற்றாள். நன்றாகக் கவனித்தார்கள் என்று அப்போது ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள்.

மிருதுளா கூப்பிட்டபோது அவர்கள் அந்த மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார்கள். வண்டியைத் திருப்பி, ரயில்வே கேட்டில் காத்திருந்து, பொள்ளாச்சி வந்து சேர்ந்தபோது கௌதமின் பல் ஈறிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

உயிர் பிழைத்தான். சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயின. "திரும்பி வேலை செய்யவும் வாய்ப்பிருக்கு. கொஞ்ச மாசம் பார்க்கணும்," என்றார் மருத்துவர். "சித்த முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." வாரத்துக்கு இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு என்று ஆனது.

அந்த முதல் நாளே, மருத்துவமனை நடையில் வைத்து, உறவினர்கள் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"பொள்ளாச்சி பக்கத்துல இருக்கறப்ப உடுமலைக்கு எதுக்குப் போனீங்க?" என்றார் விக்னேஷ் மாமா. கௌதமுக்கும் மிருதுளாவுக்கும் தாய்மாமன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்.

"அதுலதான் காட்டுச்சுங்க மாமா," என்றாள் அபிநயா.

மாமா தன் போனைத் திறந்து, பிறர் கண் படாமல் நெஞ்சோடு சாய்த்துப் பார்த்தார். "எனக்குப் பொள்ளாச்சின்னுதான் காட்டுது."

"எனக்கும் சரியாத்தான் காட்டுச்சு," என்றாள் கௌதம், மிருதுளா இருவருக்கும் அம்மாவான சுகந்தி. அவளும் அன்று தோட்டத்தில்தான் இருந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே கண்ணு."

சித்தி பார்த்தாள், பெரியப்பா மகன் பார்த்தான். எல்லாரும் பொள்ளாச்சி என்றார்கள். அபிநயாவும் மறுபடி திறந்து பார்த்தாள். அவளுக்கும் இப்போது பொள்ளாச்சிதான் வந்தது. இதற்குள் அவள் போய்ச் சேர்ந்த இடத்தை அதுவும் தெரிந்துகொண்டிருக்கும்.

"பச்சையா ஒரு பட்டன் வந்துச்சுங்க," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எம்பேரு போட்டு வந்துச்சு." கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மிருதுளா சிபியின் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு எங்க நங்கைக்கு வந்த பக்கத்தை எனக்கு எடுத்துக் குடுங்க சிபிண்ணா. ஒறம்பரை சொந்தம் எல்லாம் அவீங்களைக் குத்தவாளியாட்டப் பாக்கறாங்க."

சிபி நல்ல மனிதர். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தான மிருதுளா எடுக்க முடியும்? அவங்க பாத்தப்ப இருந்துச்சு. கலைஞ்சிருச்சு. அதை எங்கயும் சேத்து வெக்கறதில்லை."

"எதுவுமே பதிவாகலையா?"

அவர் திரையைத் திருப்பினார். ஒரே ஒரு வரி இருந்தது. 'வந்தவரின் பதற்றம் குறைந்தது. பரிந்துரையை ஏற்றார். வெற்றி.'

மிருதுளா அதை இரண்டு தடவை படித்தாள். "வெற்றியா?"

"அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வந்தவங்க நிம்மதியாப் போனாங்களான்னு பாக்கும். போன எடம் சரியான்னு பாக்காது. தப்பே இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்கம்மாவை நெனைச்சுப் பாரு. கண்ணு சரியாத் தெரியாது. பழைய பக்கமெல்லாம் அவங்களால ஒரு எழுத்துப் படிக்க முடியாது. இப்ப அவங்களே பென்ஷன் பாக்கறாங்க. நூத்துல தொண்ணூத்தாறு பேருக்கு இது நல்லதுதான்."

"எழுத்தைப் பெருசாக்கட்டுங்கண்ணா, நான் வேண்டாங்கலை. எழுத்தையே மாத்துனா? நான் போன்ல ஒருத்தருக்கு வழி சொல்லணும். அவீங்க பாக்கறதும் நான் பாக்கறதும் ஒண்ணா இருந்தாத்தான சொல்ல முடியும்? நாளைக்கு ஒரு சண்டைன்னு வந்தா, இதுதான் இருந்துச்சுன்னு காட்டவாவது ஒண்ணு வேணும்ல? பத்து வருசமா நான் வேலை செய்யறேன். நான் செஞ்சது இதுதான்னு விரல் வெச்சுக் காட்ட எங்கிட்ட ஒரு பக்கம் இல்லை."

சிபி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "பாம்புக்கடிக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு பாரு. பழசும் இருக்கட்டும், உன்னுதும் இருக்கட்டும். ஆள் வரலைன்னா எடுத்துருவேன்," என்றார்.

ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஊர்கள் அகர வரிசையில். ஒவ்வொரு ஊருக்குக் கீழும் மருத்துவமனையின் பேர், எதிரே 'மருந்து உண்டு' அல்லது 'மருந்து இல்லை', கடைசியாக எப்போது சொன்னார்கள் என்ற நேரம். வேறு எதுவும் இல்லை.

முடியவில்லை. அவள் செய்ததை அவள் போனிலேயே திறந்தபோது "வணக்கம் மிருதுளா" என்று சிரித்தது. போனுக்குள்ளேயே இசைவு உட்கார்ந்திருந்தது. அணைக்க வழி தேடினாள். அணைக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு உதவிப் பக்கம் இருந்தது. அதுவும் ஆளுக்கொரு விதம். கடைசியில் விதிகளைப் புரட்டும்போது ஒரு சந்து கிடைத்தது. ஏல அறிவிப்பு, நீதிமன்ற அறிவிப்பு போன்றவற்றை மட்டும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் காட்ட வேண்டும் என்று சட்டம். மிருதுளா தன் பக்கத்தின் தலையில் அது ஒரு சட்ட அறிவிப்பு என்று ஒரு வரி சேர்த்தாள். இசைவு வாயைப் பொத்திக்கொண்டது.

பக்கத்தை வெளியிட்டார்கள். யாரும் சீந்தவில்லை. வந்த சிலரும் உடனே போய்விட்டார்கள். சில வாரம் கழித்து சிபி புகார்களைக் காட்டினார். 'போலிப் பக்கம்.' 'என் பேர்கூடத் தெரியவில்லை, எப்படி நம்புவது?' 'மோசடி, உடனே முடக்கவும்.'

"பேர் சொல்லாத பக்கம் எல்லாம் திருட்டுப் பக்கம்னு நாமதான சொல்லிக் குடுத்திருக்கோம்," என்றார் சிபி. "மாசக் கடைசில எடுத்துரலாம் மிருதுளா."

அந்த வாரம் அண்ணனுக்குச் சுத்திகரிப்பு நடக்கும் நாளில் மிருதுளா பொள்ளாச்சிக்குப் போனாள். கட்டிலில் கையை நீட்டியபடி கௌதம் படுத்திருந்தான். இளைத்திருந்தான். ஒரு பக்கம் அபிநயா, இன்னொரு பக்கம் அம்மா. இருவரையும் பிரித்தது கட்டில் மட்டும் அல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது.

"நங்கை, நான் ஒண்ணு செஞ்சிருக்கேன், பாருங்க." அவள் தன் போனை நீட்டினாள்.

அபிநயா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உன்னுதை எங்கிட்ட எதுக்குக் காட்டறே?"

"சரி, உங்க போன்ல தொறங்க. அனுப்பியிருக்கேன்."

அபிநயா திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது போலியாட்ட இருக்குதே மிருது. வணக்கம்கூடச் சொல்லலை. எம்பேரையே காணோம்."

மிருதுளாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "உங்க பேரைச் சொன்ன பக்கம்தானுங்க உங்களைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சு!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அபிநயாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"அது அனுப்புச்சுன்னு நீ ஒருத்திதான் நம்பறே," என்றாள் மெதுவாக. "எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது. பச்சை பட்டன் வந்துச்சா, நானா அப்பிடி நெனைச்சுக்கிட்டனான்னு. எல்லார்க்கும் ஒண்ணு காட்டி எனக்கு மட்டும் எதுக்கு வேறயாக் காட்டுது?"

"வந்துச்சுங்க நங்கை. நான் போன்ல இருந்தேன். நீங்க படிச்சுக் காட்டுனீங்க." மிருதுளா தன் போனை எடுத்து, அபிநயா கையில் இருந்த போனை ஒட்டிக் கட்டில் மேல் வைத்தாள். "இதைப் பாருங்க. இங்க ஒளிக்க ஒண்ணுமே இல்லை. எங்கிட்ட மூணாவது ஊர் என்ன? உங்ககிட்ட மூணாவது ஊர் என்ன?"

அபிநயா குனிந்தாள். விரலால் இரண்டிலும் ஒரே இடத்தைத் தொட்டாள். "உடுமலை, மருந்து இல்லை. உடுமலை, மருந்து இல்லை." கீழே போனாள். "பொள்ளாச்சி. பொள்ளாச்சி." இன்னும் கீழே போனாள். "எல்லாமே ஒண்ணுதானா? கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"என்ற போன்லயும் அப்பிடியே வருமா?" என்றது ஒரு குரல். அடுத்த கட்டிலில் இருந்த ஆளின் மனைவி. வெட்கத்தை விட்டுத் தன் போனையும் கொண்டுவந்து அந்த இரண்டோடு ஒட்டி வைத்தாள். மூன்றும் ஒன்றாக இருந்தன. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "ஆத்தாடி, எத்தனை வருசமாச்சு அடுத்தவங்க போனைப் பாத்து!" கௌதம்கூடக் கழுத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

"நீங்களும் தொறங்கம்மா," என்றாள் மிருதுளா.

சுகந்தி போனை எடுத்தாள். ஆனால் மிருதுளா அனுப்பியதைத் திறக்கவில்லை. பழைய பக்கத்தைத் திறந்து, நெஞ்சோடு அணைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை அப்படியே கொண்டுவந்து மற்ற மூன்று போன்களுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

'வணக்கம் சுகந்தி அம்மா,' என்றது பக்கம். கீழே ஒரு கோபுரத்தின் படம். 'பாம்புக்கடி நீங்க உங்களுக்கு ஏற்ற தீர்த்தம், இங்கே தொடுங்கள்.' ஆஸ்பத்திரி பேர் ஒன்றுகூட இல்லை.

"அன்னைக்கும் இதுதான் வந்துச்சு," என்றாள் சுகந்தி. "வெள்ளிக்கெழமையானா நான் கோயில் கோயிலாப் பாத்துக்கிட்டு இருப்பேன், அதனாலயோ என்னமோ. எல்லாரும் பொள்ளாச்சி பொள்ளாச்சின்னாங்க. எனக்கு மட்டும் இப்பிடி வந்துச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கும் சரியாத்தான் காட்டுச்சுன்னு சொல்லிட்டேன்."

அபிநயா அவளையே பார்த்தாள். அழுவாள் என்று மிருதுளா நினைத்தாள். அழவில்லை.

"ரெண்டு மாசங்க அத்தை," என்றாள். "ரெண்டு மாசமா நான் தூங்கலை."

"தெரியும் கண்ணு."

"உங்களுக்கு இப்பிடி வந்திருக்குதுன்னா, மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?"

சுகந்தி நிமிர்ந்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. போனை எடுத்துத் தம்பி விக்னேஷை அழைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, மகன் படுத்திருந்த கட்டில் மேலேயே வைத்தாள்.

"சொல்லுக்கா," என்றார் மாமா. பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"ஏண்டா தம்பி, கௌதமைப் பாம்பு கடிச்ச அன்னைக்கு உன்ற போன்ல என்னடா காட்டுச்சு? நெசத்தச் சொல்லு. எனக்குக் கோயில் காட்டுச்சு."

மாமா போனை வைக்கவில்லை. தையல் இயந்திரங்களின் சத்தத்தைத் தாண்டிப் போவதுபோல அவர் நடக்கும் ஓசை கேட்டது. வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒரு கதவு சாத்தப்பட்டது. அபிநயா போன் பக்கமாக இன்னும் குனிந்து, காத்திருந்தாள்.